டிலீட் சாமியின் மௌனப் பெட்டி

வெறுங்கையில் சாம்பல் வரவழைத்த மகான்களை உலகம் பார்த்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பாட்டன் பெயரைச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறது. ஆனால் ஒரு மனிதனைப் பற்றி ஊர் எழுதிவைத்த கெட்ட பேச்சை ஒன்பதே நிமிடத்தில் அழித்துக்காட்டிய மகான் ஒருவர்தான். அவருக்கு டிலீட் சாமி என்று பெயர்.

மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் சாமியின் நிலையம் இருந்தது. வாசலில் 'இணையப் பெயர் நிவாரண நிலையம்' என்று பலகை. வரிசை மூன்றாம் மாடியில் தொடங்கிப் படிக்கட்டில் இறங்கி, மெத்தைகளைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து, பேருந்து நிறுத்தம் வரை நீண்டிருந்தது. பேருந்துக்கு நின்றவர்கள் சிலரும் தெரியாமல் இதில் சேர்ந்து மாடிவரை வந்துவிட்டார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. அவர்களுக்கும் ஒரு கெட்ட பெயர் எங்கேயாவது இருக்காதா என்ன?

எல்லோரும் படித்தவர்கள். படிக்காதவனைப் பற்றி மெனக்கெட்டு யார் எழுதப்போகிறார்கள்? சாப்பாட்டில் கரப்பான் இருந்ததாக எழுதப்பட்ட ஓட்டல் முதலாளி நின்றார். மூன்று வழக்கில் தோற்றதை மூன்று கட்சிக்காரர்களும் எழுதிவைத்துவிட்ட வக்கீல் நின்றார். அறுபத்தெட்டாம் எண் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்தபடி நின்றவர் நம்ம பல் டாக்டர்.

பல் டாக்டரின் கஷ்டம் இதுதான். 'ஊர்வாய்' என்றொரு செயலி இருக்கிறது. கடைக்காரர், டாக்டர், வாத்தியார், யாராக இருந்தாலும் அவர் பெயரில் ஒரு பக்கம் இருக்கும். அதில் யார் வேண்டுமானாலும் நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதலாம். டாக்டரின் பக்கத்தில் இருபது வருடம் நல்ல வார்த்தைதான் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் 'தூக்கமில்லாதவன்' என்ற புனைபெயரில் ஒருவன் வந்தான். ஒரே ஒரு நட்சத்திரம் போட்டான். "சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லை அடைத்தார். இப்போது நல்ல பல்லில் சிமெண்ட் இருக்கிறது, சொத்தைப் பல்லில் வலி இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போய்விட்டான்.

அது பக்கத்தின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. கிளினிக்கில் காத்திருக்கும் பெஞ்சு காலியாகிவிட்டது. வேலையில்லாத நர்ஸம்மா மூன்று ஸ்வெட்டர் பின்னி முடித்து நாலாவதற்கு நூல் வாங்கியிருந்தார். இந்த நேரத்தில்தான் பிஸ்கட் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. நானூறு தொழிலாளர்களுக்குப் பல் பார்க்க ஒரு டாக்டர் வேண்டுமாம். அந்த ஆலையில் வேலை நேரத்தில் பிஸ்கட் இலவசம். ஒரு பல் டாக்டருக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் கிடையாது. ஆலை மேனேஜர் வெள்ளிக்கிழமை காலை டாக்டர்களின் பெயரை 'ஊர்வாய்' செயலியில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக எழுதியிருந்தார். அது கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, தன்னிடம் ஊசி போடக் கற்றுக்கொண்ட ஜூனியரின் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாவது பல் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நிற்கவேண்டும். அந்த ஜூனியர் இப்போதே 'சார்' போடுவதை நிறுத்திவிட்டான்.

இந்த நிலையில் ஒரு படித்த மனிதர் என்ன செய்வார்? அந்தப் புகார் உண்மையா என்று பார்ப்பார் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு உலக அனுபவம் போதாது. டாக்டர் நேராக மெத்தைக் கடைக்குப் போனார்.

சாமி சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. கம்ப்யூட்டர் சர்வர்கள் வைத்திருக்கும் குளிர் அறையில் பதினோரு வருடம் தவம் இருந்தவர் என்று சீடர்கள் சொன்னார்கள். அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்தவர் என்று சில பொறாமைக்காரர்கள் சொன்னார்கள். ஏசி ரிப்பேர் தவமில்லை என்று யாரால் சொல்லமுடியும்? சாமியின் தத்துவம் எளிமையானது. ஒவ்வொரு கெட்ட சொல்லும் ஒரு கெட்ட கண். அது உங்கள் போன் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. போனைச் சுத்தம் செய்தால் பெயர் சுத்தமாகிவிடும்.

அதற்குத்தான் மௌனப் பெட்டி. கறுப்பு வெல்வெட் ஒட்டிய மரப்பெட்டி. பக்தர் தன் போனை அதில் குப்புறப் படுக்கவைத்து, அதைத் திறக்கும் ரகசிய எண்ணை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் போட்டு, எந்தப் புகார் தன்னைச் சுடுகிறது என்றும் எழுதவேண்டும். கட்டிய மனைவிக்குக் காட்டாத எண்ணை எல்லோரும் முத்துமுத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு சீடர்கள் பெட்டியைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். ஒன்பது நிமிடம் சபை முழுக்கக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். கண்ணை மூடுவது மிக முக்கியம் என்று சாமி திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை.

ஒன்பது நிமிடம் கழித்து டாக்டரின் போன் திரும்பி வந்தது. தன் பக்கத்தைத் திறந்தார். மேலிருந்து கீழே தள்ளினார். கீழிருந்து மேலே தள்ளினார். தூக்கமில்லாதவனைக் காணோம். டாக்டருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்ததுபோல் இருந்தது. சபை கைதட்டியது. ஒரு மாத வருமானத்தை 'நன்றி' என்ற பெயரில் உறையில் போட்டுக் கொடுத்தார். கட்டணம் வாங்குவது சாமிக்குப் பிடிக்காது.

கிளம்பும்போது சாமி அவர் காதருகே வந்து மூன்று விரதம் சொன்னார். நாற்பது நாளைக்கு அடுத்தவர் போனில் உங்கள் பெயரைத் தேடக்கூடாது. புகாரைப் பற்றி யாரிடமும் கேட்கக்கூடாது. எழுதியவனுக்குப் பதில் போடக்கூடாது. மீறினால் போனதெல்லாம் வட்டியோடு திரும்பி வரும்.

டாக்டர் விரதத்தை அப்படியே காத்தார். கிளினிக்கில் புகார் என்ற சொல்லையே யாரும் எடுக்கக்கூடாது என்று நர்ஸம்மாவுக்கு உத்தரவு போட்டார். நாளுக்கு முப்பது தடவை தன் போனில் தன் பக்கத்தைத் திறந்து, அது சுத்தமாக இருப்பதைப் பார்த்து மகிழ்ந்தார். பெஞ்சு மட்டும் ஏனோ காலியாகவே இருந்தது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. சுத்தமான பெயர் ஊருக்குள் பரவ நாளாகும் அல்லவா? அந்தச் சந்தோஷத்தில் பிஸ்கட் ஆலை மேனேஜருக்கு அவரே ஒரு கடிதம் போட்டார். "தயவுசெய்து என் பக்கத்தை அவசியம் பாருங்கள். மேலே இருப்பதை முதலில் படியுங்கள்" என்று எழுதினார். தன் கழுத்தை நீட்டி, கத்திக்குச் சாணை பிடித்துக் கொடுத்த முதல் டாக்டர் இவராகத்தான் இருக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டாக்டரின் அக்கா கிளினிக்குக்கு வந்தார். அக்காவுக்குக் கடைகளில் எடையும் அளவும் சரிபார்க்கும் ஆய்வாளர் வேலை. எங்கே போனாலும் கையில் ஒரு தோல் பை. அதற்குள் அரசாங்க முத்திரை குத்திய பித்தளை எடைக்கற்கள். முப்பது வருடம் கடைக்காரர்களின் சத்தியங்களைக் கேட்டுக்கேட்டு, யார் சத்தியம் செய்தாலும் உடனே பையைத் திறக்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. தம்பியின் முகத்தில் இருந்த தெய்வீகக் களையைப் பார்த்ததும் என்ன விஷயம் என்று கேட்டார். டாக்டர் மகிமையை முழுக்கச் சொன்னார். அக்கா கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அழிஞ்சு போச்சுன்னு எந்த போன்ல பாத்த?"

"என் போன்லதான் அக்கா. வேற எதுல பாக்குறது?"

"கடைக்காரரோட தராச அவரோட எடைக்கல்ல வச்சே சோதிச்சா, ஊர்ல எல்லாத் தராசும் சரியாத்தான்டா இருக்கும்" என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே தன் போனை எடுத்தார். டாக்டர் பதறிப்போய்த் தடுக்கப் பார்த்தார். விரதம் உனக்குத்தான், எனக்கில்லை என்று அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார். பிறகு நிதானமாக, நல்ல உச்சரிப்போடு, சொத்தைப் பல், பக்கத்துப் பல், சிமெண்ட் எல்லாவற்றையும் படித்தார். 'எனக்கும் இதேபோல் பயமாக இருக்கிறது' என்று அதன் கீழே புதிதாகச் சேர்ந்திருந்த பன்னிரண்டு பேரின் வரிகளையும் விடவில்லை.

டாக்டர் தன் போனைத் திறந்து பார்த்தார். சுத்தமாக இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. தோஷம் அக்கா போனில்தான் இருக்கிறது, அதையும் பெட்டியில் வைத்தால் சரியாகிவிடும் என்றார். ஆறு வருடம் மருத்துவம் படித்த வாய் அது.

மூலையிலிருந்து நர்ஸம்மாவின் குரல் வந்தது. "அது போகவே இல்ல டாக்டர். என் போன்லயும் இருக்கு. நீங்கதான் வாயத் திறக்கக்கூடாதுன்னு சொல்லிட்டீங்க." சொல்லிவிட்டு ஸ்வெட்டரைத் தொடர்ந்தார்.

அக்கா தம்பியைத் திட்டவில்லை. சந்தேகமான தராசு வந்தால் என்ன செய்வாரோ அதையே செய்தார். எடை தெரிந்த கல்லை வைத்துப் பார்ப்போம் என்றார். அதாவது, நாமே ஒரு புகார் எழுதுவோம். யார் எழுதினார், என்ன எழுதினார், எப்போது எழுதினார் எல்லாம் நமக்குத் தெரியும். அதைச் சாமி அழித்தால் மகான் என்று ஒத்துக்கொள்கிறேன். என் பக்கத்தில் என்னைப் பற்றி நீயே ஒரு வரி எழுது.

டாக்டர் முதலில் மறுத்தார். அக்காவைப் பற்றிக் கெட்டதாக எழுதக் கை வருமா என்றார். பிறகு உட்கார்ந்தார். வந்த வேகத்தைப் பார்க்கவேண்டுமே. பதினோரு வரி எழுதினார். சின்ன வயதில் ஜன்னல் பக்கத்து இருக்கையை ஒருநாளும் தராதவர், கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது தலையில் குட்டுபவர், நாற்பத்தைந்து வயது ஆளைப் பலர் முன்னால் 'குண்டா' என்று கூப்பிடுபவர் என்று ஊற்றெடுத்தது. அக்கா படித்தார்.

"ஒரு வரின்னுதானடா சொன்னேன்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வியாழக்கிழமை நிலையத்தில் பெரிய கூட்டம். ஏற்கனவே பலன் அடைந்தவர்கள் எல்லோரும் சாட்சி சொல்ல வந்திருந்தார்கள். ஓட்டல் முதலாளியும் வக்கீலும் முன் வரிசையில் இருந்தார்கள். சொந்தத் தம்பியே தன்னைப் பற்றி எழுதிவிட்டதாக அக்கா தாளில் எழுதிப் போட்டார். சாமி மனமுருகினார். ரத்த உறவின் கண்தான் மிகவும் கொடியது, அதற்கு நன்றி இரட்டிப்பாக இருக்கவேண்டும் என்றார். பெட்டி திரைக்குள் போனது. சபை கண்ணை மூடியது. அக்கா மட்டும் மூடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது நிமிடம் என்று சொன்னது ஏழரை நிமிடத்தில் வந்துவிட்டது. அளவிலேயே குறைவு.

அக்கா தன் பக்கத்தைத் திறந்தார். பதினோரு வரியும் மாயம். சபை கைதட்டியது. டாக்டரும் தன்னை மறந்து கைதட்டினார், அக்கா ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்தினார்.

"நல்லது சாமி. எழுதினவன் இவன்தான்" என்று சொல்லி அக்கா தம்பியை எழுப்பி நிறுத்தினார். அவன் போனில் பார்க்கச் சொன்னார். பதினோரு வரியும் அங்கே குத்துக்கல்லாக இருந்தன. படிக்கச் சொன்னார். டாக்டர் ஜன்னல் இருக்கையிலிருந்து 'குண்டா' வரை சபைக்குப் படித்துக் காட்டவேண்டியதாயிற்று. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சாமி அசரவில்லை. எழுதிய பாவியின் போனில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார். அக்கா கூட்டத்தில் ஒருவரை எழுந்து பார்க்கச் சொன்னார். சத்தம் கேட்டு மேலே வந்திருந்த மெத்தைக் கடைக்காரர் தன் போனில் பார்த்தார். அங்கேயும் இருந்தது. அடுத்தவர் போனில் பார்த்ததால் திரும்பி வந்துவிட்டது என்றார் சாமி. இதற்குக் கூட்டம் தலையாட்டியது.

"திரும்பி வந்திருந்தா என் போன்லயும்தானே வந்திருக்கணும்?" என்றார் அக்கா. போனை உயர்த்திச் சபைக்குக் காட்டினார். "இதுல மட்டும் இன்னும் வரலையே. ஊரெல்லாம் இருக்குறது எனக்கு மட்டும் ஏன் தெரியல?"

சபையில் தலையாட்டல் நின்றது. அப்போது டாக்டரோடு கூடவே வந்து பின்வரிசையில் பின்னிக்கொண்டிருந்த நர்ஸம்மா ஊசிகளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"குடுங்கக்கா கொஞ்சம். என் நாத்தனார நான் ரெண்டு வருஷமா இப்படித்தான் வச்சிருக்கேன்."

செயலியின் அமைப்புகளுக்குள் போனார். அங்கே 'தடுக்கப்பட்டவர்கள்' என்று ஒரு பட்டியல் இருந்தது. அக்காவின் பட்டியலில் ஒரே ஒரு ஆள். படத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் தம்பி. ஒருவரைத் தடுத்துவிட்டால் அவர் எழுதுவது எதுவும் நம் கண்ணுக்குத் தெரியாது, மற்ற எல்லோருக்கும் தெரியும் என்று நர்ஸம்மா விளக்கினார். தடையை எடுத்தார், பதினோரு வரி வந்தது. தடையைப் போட்டார், போனது. எடுத்தார், வந்தது. தெருவிளக்கு சுவிட்சு போடுவதுபோல் நாலைந்து தடவை செய்துகாட்டினார்.

இதுதான் பதினோரு வருடத் தவம். திரைக்குப் பின்னால் சீடர்கள் செய்தது இந்த ஒரு தட்டு. மிச்ச நேரம் டீ குடித்திருக்கிறார்கள்.

சபை முழுக்கப் போனை எடுத்தது. ஒவ்வொருவர் பட்டியலாகத் திறந்தது. ஓட்டல் முதலாளியின் பட்டியலில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள், அதில் ஒன்று சுகாதாரத் துறை. போனைப் பெட்டியில் வைத்த நாளிலிருந்து அவர்கள் செயலியில் அனுப்பிய நோட்டீஸ் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. வக்கீலின் பட்டியலில் மூன்று கட்சிக்காரர்களோடு அவர் மாமனாரும் இருந்தார். சீடன் அவசரத்தில் கூடுதலாகத் தட்டிவிட்டான் போலிருக்கிறது. "அதான் வீடு இவ்வளவு அமைதியா இருந்துச்சா" என்று வக்கீல் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

சாமி எழுந்து நின்றார். குரல் இன்னும் மென்மையாகத்தான் இருந்தது.

"நான் யாரையும் ஏமாத்தலை. உங்களுக்கு அது கண்ணுல படக்கூடாது. படாம செஞ்சேன். எத்தனை பேர் நிம்மதியாத் தூங்குனீங்க, சொல்லுங்க."

"அவங்க காசு குடுத்தது ஊர் கண்ணுல படக்கூடாதுன்னு" என்றார் அக்கா. "நீங்க அவங்க கண்ணத்தான் கட்டுனீங்க. எடை குறைச்சுட்டு, வாங்குனவர் சந்தோஷமாத்தான் போனார்னு கடைக்காரர் சொன்னா நான் விட்டுடுவேனா?"

தியானம் செய்துவிட்டு வருவதாகச் சாமி திரைக்குப் பின்னால் போனார். பின்பக்கப் படிக்கட்டில் செருப்பில்லாத காலுக்கு நல்ல வேகம் இருந்திருக்கிறது. கூட்டம் சீடர்களைப் பிடித்துக்கொண்டு உறைகளைக் கேட்டது. எல்லோரும் கேட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஏழெட்டுப் பேர் தடையை எடுக்கவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். வக்கீல் மூன்று கட்சிக்காரர்களின் தடையை எடுத்தார், நாலாவதைத் தொடவில்லை.

கிளினிக்குக்குத் திரும்பியதும் டாக்டர் தன் பட்டியலைத் திறந்தார். தூக்கமில்லாதவன் அங்கே தனியாக இருந்தான். தடையை எடுத்தார். புகார் தன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. நாளைக் காலை மேனேஜர் அதைத்தான் படிப்பார், அதுவும் டாக்டரே கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால். மூன்றாவது நாற்காலி அவர் கண்முன் தெரிந்தது. அக்கா எதிரே உட்கார்ந்து இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.

"அவன் எழுதினது நெசமாடா?"

இந்தக் கேள்வியை மூன்று மாதத்தில் யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நர்ஸம்மா அலமாரியைத் திறந்து, புகார் வந்த வாரத்துச் சீட்டுகளைப் புரட்டி, புகாரோடு பொருந்திய ஒரு சீட்டையும் எக்ஸ்ரே படத்தையும் எடுத்துவந்தார். டாக்டர் படத்தை விளக்கில் பிடித்தார். கடைசிப் பல்லுக்கு முந்தைய பல்லில் கறுப்பாகச் சொத்தை தெரிந்தது. சீட்டில் அவர் கையெழுத்தில் அதற்கும் முந்தைய பல் அடைத்ததாக எழுதியிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஊர் என்ன சொல்லும் என்ற வெட்கம் இல்லை. ஒரு மனிதன் மூன்று மாதமாக வலியில் தூங்காமல் இருக்கிறான், நாமோ அவனை அழிக்க வரிசையில் நின்றிருக்கிறோம் என்ற வெட்கம்.

சீட்டில் இருந்த எண்ணுக்கு அழைத்தார். அந்தப் பக்கம் பதினைந்து நிமிடம் பேசியது, இவர் கேட்டுக்கொண்டார். பிறகு புகாரின் கீழே எழுதினார்: "உண்மை. தவறு என்னுடையது. இன்று மன்னிப்புக் கேட்டேன். சனிக்கிழமை வருகிறார், கட்டணமில்லாமல் சரிசெய்து கொடுக்கிறேன்." அக்காவிடம் காட்டினார். எடை சரி என்று சொல்லிவிட்டு அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, குண்டா என்று கூப்பிட வாய் திறந்து, மாற்றிக்கொண்டு, தம்பி சாப்பிட்டுப் படு என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் அழைத்தார். மேலே இருப்பதை முதலில் படிக்கச் சொல்லியிருந்தீர்கள், படித்தேன் என்றார். உண்மையிலேயே பக்கத்துப் பல்லையா அடைத்தீர்கள் என்று கேட்டார்.

"ஆமா சார். பக்கத்துப் பல்லத்தான்" என்றார் டாக்டர்.

பிறகு மேனேஜர் சொன்னார்: "நானூறு பேரப் பத்தி அப்புறம் பேசலாம். திங்கக்கிழமை முதல்ல என் பல்லப் பாருங்க. எந்தப் பல்லுன்னு நானே விரல் வச்சுக் காட்டுறேன்."

டிலீட் சாமிக்கு வேறொரு மாடி கிடைத்துவிட்டதாகக் கேள்வி. அவருடைய பக்கத்தில் முந்நூறு பேர் ஒற்றை நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறார்கள். முந்நூறு பேரையும் தடுத்துவிட்டு அவர் நிம்மதியாக இருக்கிறாராம். அங்கேயும் வரிசை படிக்கட்டு இறங்கிவிட்டதாம். அதில் போய் நிற்க உங்களுக்கும் கால் பரபரத்தால், சீட்டு வாங்குவதற்கு முன்னால் உங்களைப் பற்றி எழுதப்பட்டிருப்பது உண்மையா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். யோசிக்க ரகசிய எண் எதுவும் தேவையில்லை.